நாற்பது நிமிடத்தில் நாற்பது டிகிரி

"குழாய்த் தண்ணி ஆறு டிகிரி. எண்ணூறு லிட்டர் வெந்நீர்த் தொட்டி. நாப்பதே நிமிஷத்துல நாப்பது டிகிரி! அதுவும் பிளக்கைச் சொருகாமலே!"

டெஸ்மண்ட் இதைச் சொல்லி பியர் கிளாஸை மேசையில் வைத்த வேகத்தில், கிளப்பின் டார்ட் பலகை ஆணியிலிருந்து கழன்று விழுந்தது. இருபத்திரண்டு பேர் கை தட்டினார்கள். டெஸ்மண்டின் புளுகு இல்லாவிட்டால் வட இங்கிலாந்தின் பர்ன்லியில் டிசம்பர் குளிரைக் கடத்த வேறு வழி கிடையாது. போன வருடம் அவர் கால்வாயிலிருந்து ஒரு மீனைத் தூக்கியபோது தண்ணீர் மட்டமே ஒரு அடி இறங்கி, படகுகளெல்லாம் தரைதட்டி நின்றனவாம்.

கை தட்டாதவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டு மால்கம். முப்பத்தெட்டு வருடம் பாய்லர் மாட்டி ஓய்வு பெற்றவர். வெந்நீர் விஷயத்தில் கடவுளே கணக்குத் தப்பினாலும் கூப்பிட்டுத் திருத்தக்கூடிய ஆள்.

"அந்த ஹீட்டர் ரெண்டு கிலோவாட். மணிக்கு ரெண்டு டிகிரி ஏத்தினாலே பெரிசு. பதினாறு மணி நேரம் ஆகும். நாப்பது நிமிஷத்துல ஆகணும்னா பதினாறு கெட்டிலை ஒண்ணா கொதிக்க விடணும். உன் வீட்டு ஃபியூஸ் ஆவியாப் பறந்துடும்."

"நீ சொன்னதைத்தானே வாத்தியாரே செஞ்சேன்? தொட்டிக்கு அடியில மெத்தை போடுன்னே, போட்டேன். மூடியை இறுக்கி மூடுன்னே, மூடினேன். சூடேறுறப்ப குமிழி விடுற விசிறியைப் போடாதே, குளிர்காத்து உள்ளே போகும்னே, நிறுத்தினேன். எல்லாம் உன் உபதேசம்தான்!"

"அதெல்லாம் சூடு வெளியே போகாம இருக்கறதுக்கு. உள்ளே எங்கேருந்து வருது?"

டெஸ்மண்ட் கண்ணடித்தார். "கரண்ட் பில்லு வரலை. எனக்கு அது போதும்."

வீட்டுக்கு நடக்கும்போது மால்கம் அந்தப் பதிலையே திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரைத் துளைத்து டெஸ்மண்ட் கம்பி இழுத்திருப்பாரோ என்று மூன்று நாள் தன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் மண்டியிட்டு மின்சார மீட்டரைக் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறார். ஒரு யூனிட்கூட அதிகமாக ஓடவில்லை.

இன்னொரு சந்தேகம் இருந்தது. அதை அவர் தனக்குத்தானேகூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

ஜேனிஸ். அவர் மனைவி.

டெஸ்மண்ட் தன் தோட்டத்தில் அந்தக் காற்றடைத்த குளியல் தொட்டியை ஊதி நிறுத்தி மூன்று வாரம். அன்று முதல் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஜேனிஸ் குளியல் அங்கியை மாட்டிக்கொண்டு வேலிக் கதவைத் தாண்டிப் போகிறாள். அரை மணி நேரம் ஊறிவிட்டு வருகிறாள். ஆறு வருடமாக ஆட்டி வைத்த இடுப்பு வலி போயே போய்விட்டது. படியில் பதினெட்டு வயதுப் பெண் மாதிரி குதித்து இறங்குகிறாள். ஆனால் அவள் கையில் பிடித்த டீ ஒரு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. காலையில் அவள் ரொட்டியில் தடவும் வெண்ணெய் உருகுவதில்லை, அவள் விரல் பட்ட இடத்தில் இன்னும் இறுகுகிறது. படுக்கையில் தெரியாமல் அவள் பாதம் பட்டால் மால்கம் துள்ளி எழுகிறார். பனிக்கட்டிப் பெட்டியில் ஒரு வாரம் கிடந்த மீனின் குளிர்ச்சி.

"உனக்குக் குளிரலையா?"

"இல்லையே கண்ணு. வலி போச்சு, அதைப் பாரு. நீ பொறாமைல புழுங்கறே."

"பொறாமையா? அந்த பிளாஸ்டிக் வாளியைப் பாத்தா?"

"டெஸ்மண்டைப் பாத்து!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மூச்சு அவர் முகத்தில் பட்டது. ஃபிரிட்ஜைத் திறந்ததும் வருமே, அந்தக் காற்று.

மறுநாளே மால்கம் பந்தயம் கட்டினார். தொட்டியைக் காலி செய்து, குழாய்த் தண்ணீரை அவரே நிரப்புவார். ஹீட்டரைக் கழற்றி அவர் மடியில் வைத்துக்கொள்வார். நாற்பது நிமிடத்தில் சூடானால் கிளப்பில் எல்லார் முன்னாலும் தோல்வியை ஒப்புக்கொள்வார். ஆகாவிட்டால் டெஸ்மண்ட் தொட்டியைச் சுருட்டிக் கொட்டகையில் போட வேண்டும். மால்கமுக்கு வேண்டியது அந்தச் சுருட்டல்தான். ஜேனிஸ் இனி அதில் இறங்கக் கூடாது.

"நான் வந்து வேடிக்கை பாக்கட்டுமா?" என்றாள் ஜேனிஸ்.

"நீ சமையலறையை விட்டு நகரவே கூடாது. நம்ம பக்கமிருந்து ஒரு கெட்டில் வெந்நீர்கூட வரலைன்னு நான் சத்தியம் பண்ணணும்."

"உத்தரவு, பாய்லர் துரை!" அவள் சல்யூட் அடித்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குத் தொட்டி நிரம்பியது. மால்கம் தன் வேலைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து, கம்பியின் நுனியைத் தண்ணீரில் இறக்கி, தடித்த மூடியைப் போர்த்தி, நான்கு வார்களையும் தன் கையாலேயே மாட்டினார். ஆறு டிகிரி. ஹீட்டர் மடியில் செத்த கோழி மாதிரி கனத்தது. டெஸ்மண்ட் அரைக்கால் சட்டையோடு எதிரே உட்கார்ந்து கடிகாரத்தை அமுக்கினார். அந்தக் குளிரில் யாராவது கொட்டாவி விட்டிருந்தால் அது தரையில் விழுந்து உடைந்திருக்கும். டெஸ்மண்டின் முழங்கால்களோ வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் இருந்தன.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேகம் கூரைகளின் மேல் வந்து உட்கார்ந்தது, தெருக்கோடியில் யாரோ குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போன சத்தம் தேய்ந்தது, வேலியின் நிழல் புல்லில் மங்கிக் காணாமல் போனது. அப்புறம் குளோரின் நெடிக்கு நடுவே இன்னொரு வாசனை மெதுவாக எழுந்து வந்தது. லாவெண்டர். ஜேனிஸ் கைக்குத் தடவும் களிம்பு. புதுத் தண்ணீர் இது, அவரே பிடித்தது, அதில் இன்னும் யாரும் விரலைக்கூட விடவில்லை.

பதினொன்று என்றது வெப்பமானி.

"ஏறுதா?" டெஸ்மண்ட் பல்லைக் காட்டினார்.

"பேசாம இரு."

பதினேழு. மூடி லேசாக உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது. காற்று, என்று மால்கம் சொல்லிக்கொண்டார். காற்றே அடிக்கவில்லை. குனிந்து அடியில் மெத்தையைப் பிதுக்கிப் பார்த்தார். கம்பி இல்லை, குழாய் இல்லை. மூடியில் காதை வைத்தார். உள்ளே தண்ணீர் சுவரில் மோதும் சத்தம், யாரோ சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

இருபத்தைந்து.

"என் வீட்டு மீட்டரைப் பாத்துட்டு வரேன். தொடாதே."

"நான் எதையும் தொட்டதே இல்லையே. அதானே விசேஷம்!"

மாடிப்படிக்கு அடியில் மீட்டர் சாதுவாக இருந்தது. சமையலறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கை வைக்க முடியாமல் கொதித்தது. ஆனாலும் மால்கமின் மூச்சு அவர் முன்னால் வெள்ளையாக நின்றது. ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் உறைபனி பூப்பூவாகப் படர்ந்திருந்தது.

"ஜேனிஸ், டீ போட்டியா?"

"போட்டேன் கண்ணு." குரல் மெலிந்து, சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல் வந்தது.

அவர் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். கோப்பையில் டீ மேல் பனி ஆடை கட்டியிருந்தது. கோப்பையைப் பிடித்த விரல்கள் நீலம். உதடு நீலம். அவள் மூச்சில் ஆவி இல்லை. கழுத்தைத் தொட்டார்.

இரும்புக் குழாய்.

"என்ன கணக்கு ஆச்சு இப்ப?" என்றாள் அவள், கண் சிமிட்டாமல்.

மால்கமுக்குக் கணக்கு அந்த நொடியில் சரியாக வந்தது. அங்கே ஏற ஏற, இங்கே இறங்குகிறது.

ஓடினார். வேலிக் கதவு. புல். சறுக்கல். எழுந்தார்.

"முப்பத்தொன்பது நிமிஷம்!" என்று டெஸ்மண்ட் கூவினார்.

முதல் வார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அறைந்தது.

நாற்பது டிகிரி.

உள்ளே ஜேனிஸ். கழுத்துவரை தண்ணீர். கன்னம் இரண்டும் ரோஜா நிறம். ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடு. திருமண நாளில் இருந்த அதே சூடு.

"மூடு மால்கம். சூடு போகுது பாரு."

அவர் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு அப்பால், மஞ்சள் ஜன்னலில், நாற்காலியில் அதே முதுகு. அசையவில்லை.

முப்பத்தெட்டு. அவர் கையைப் பிடித்திருந்த விரல்களில் நிறம் மங்கியது. முப்பத்தாறு. கன்னம் வெளுத்தது. பிடி தளர்ந்தது.

டெஸ்மண்ட் தொட்டியின் மறுபக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் திறந்துவிடும் அடைப்பான்மேல் ஆசையாக விரலை வைத்திருந்தார்.

"நடந்ததா, நடக்கலையா? ஒரே வார்த்தை சொல்லு வாத்தியாரே. இன்னும் சந்தேகம் இருந்தா சொல்லு. கூச்சமே வேண்டாம். இதை முழுசாத் திறந்து விட்டுடறேன், புதுத் தண்ணி பிடிச்சு முதல்லேருந்து வைச்சுப் பாத்துடலாம்."

முப்பத்துநான்கு.

மால்கம் மூடியை இழுத்தார். மேலே நிமிர்ந்து சிரித்த முகத்தின்மேல் மெல்லப் போர்த்தினார். கதகதப்பு ஒரு இழைகூட வெளியே போகாதபடி ஓரங்களை அமுக்கினார். ஒரு வார், இரண்டு வார், மூன்று வார். நான்காவதை மாட்டும்போது மூடி அவர் உள்ளங்கையின் கீழ் மெதுவாக உப்பி, மெதுவாக அமுங்கியது.

"நடந்தது," என்றார். "நாப்பது நிமிஷம். நாப்பது டிகிரி. நானே பாத்தேன்."