ஜன்னல் நாற்காலியில் பத்து நிமிடம்

"அம்மா தாயே... அசையாதீங்க!"

அவள் அசையவில்லை. தூக்கிய வலது காலை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள். காலுக்குக் கீழே மூக்குக் கண்ணாடிகள்... மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை, நூற்றுக்கணக்கில். படிக்கட்டு ஜன்னல் வழியே மழைச்சாரல் உள்ளே வந்து அவற்றின்மேல் விழுந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு துளி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது.

இத்தனை கண்களா... மூச்சுவிட மறந்து நின்றாள்.

இரண்டு படி கீழே, காலி அட்டைப்பெட்டியோடு ஒருவன். அவள் ஓடிவந்து முட்டிய வேகத்தில் பெட்டி கவிழ்ந்திருந்தது.

"பாத்து வரக்கூடாதா?"

"நீங்க பாத்திருக்கலாமே? உங்ககிட்டதான் இவ்ளோ கண்ணாடி இருக்கு!"

அவன் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்து அடக்கினான். ஆனால் கண்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. நல்ல கண்கள்... கறுப்பு, ஆழம், கொஞ்சம் தூக்கக்கலக்கம். அவற்றைப் பார்த்த ஒரு விநாடியில் அவள் எதற்காக ஓடிவந்தாள் என்பதே மறந்துபோனது.

ஓடிவந்ததற்குக் காரணம் அழுகை. மேலே கல்லூரி அரங்கில் வேலைவாய்ப்பு முகாம். முப்பத்தெட்டு மேசைகள். வங்கி, சோப்பு, சிமென்ட், காப்பீடு... தொண்டு நிறுவனம் என்று ஒன்றுகூட இல்லை. வணிக மேலாண்மை இரண்டாம் ஆண்டில் அப்படி ஒரு வேலை கேட்டவள் அவள் ஒருத்திதான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு சோப்பு எப்படிப் பத்து லட்சம் வீடுகளுக்குப் போய்ச் சேருகிறது என்று வகுப்பில் படித்த அன்று, அந்த வழியில் வேறு எதுவுமே போகக்கூடாதா என்று தோன்றியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து நாற்பத்தொரு விண்ணப்பங்கள். 'எங்களுக்குச் சமூகப்பணி படித்தவர்கள்தான் வேண்டும்' என்றது ஒரு பதில். 'வணிகம் படித்தவர்கள் மூன்றே மாதத்தில் ஓடிவிடுகிறார்கள்' என்றது இன்னொன்று. ஓரிடத்திலிருந்து ஒரே மறுப்பு இரண்டு முறை வந்தது.

இன்று வேலைவாய்ப்பு அதிகாரி முடிவாகச் சொல்லிவிட்டார்: "அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு இன்டர்ன்ஷிப் கடிதம் கொண்டு வா. இல்லேன்னா சிமென்ட் கம்பெனிதான்."

மெல்லக் காலை இறக்கி, அவன் கையிலிருந்த காலிப் பெட்டியை வாங்கி, உட்கார்ந்து கண்ணாடிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். சின்னச் சின்னத் தாள் சீட்டுகளும் சிதறிக்கிடந்தன. அவற்றையும் எடுத்து, ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒன்றாகச் செருகி அடுக்கினாள். அவன் கீழ்ப்படிகளை முடித்து மேலே வந்தபோது பெட்டி நிறைந்திருந்தது.

அவன் முகம் வெளுத்தது.

"இந்தச் சீட்டுல இருக்கறது கண்ணாடியோட பவர். எது எதுக்குன்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"தெரியல... ஃபிரேம் கலருக்குப் பொருத்தமா வச்சேன்."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "இருநூத்துப் பன்னிரண்டு கண்ணாடி. உங்க காலேஜ்லேயே சேகரிச்சு, அளந்து வச்சது. திரும்ப முதல்லேர்ந்து அளக்கணும்."

"நானும் வந்து அளக்கறேன்," என்றாள். சொன்ன பிறகுதான் எங்கே என்றே கேட்கவில்லை என்பது உறைத்தது.

*

மருந்துக்கடைக்கு மேலே ஒரே ஒரு நீள அறை. உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றாள். தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள், அவற்றில் ஐயாயிரம் கண்ணாடிகள். யாரோ பயன்படுத்திவிட்டு, இனி வேண்டாமென்று கொடுத்தவை. எத்தனை புத்தகங்களைப் படித்தவை... எத்தனை முகங்களைப் பார்த்தவை... கோயிலுக்குள் வந்தவள்போல் செருப்பைக் கழற்றினாள்.

"செருப்போடயே வரலாம்," என்றான் அவன்.

"பரவால்ல."

இதைத் தொடங்கியவர் ஒரு கண் மருத்துவர். எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா. பழைய கண்ணாடிகளைச் சேகரித்து, அளந்து, பார்வை மங்கியவர்களுக்குப் பொருத்திக் கொடுக்கிறார்கள். அளப்பதும் பொருத்துவதும் அவன் வேலை.

இருநூற்றுப் பன்னிரண்டும் மூன்றே நாளில் முடிந்தன. நான்காம் நாளும் அவள் வந்தாள். டாக்டரம்மாவிடம் இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்டாள்.

"அவன் சரின்னு சொன்னா கையெழுத்துப் போடறேன்மா," என்றார் டாக்டரம்மா.

அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "போன வருஷம் மூணு பேர் வந்தாங்க. சர்டிபிகேட் வாங்கினாங்க. அப்புறம் ஆளையே காணோம்," என்றான்.

அவள் கற்றதைச் செய்து காட்ட முடிவெடுத்தாள். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். யார் வந்தாலும் ஒவ்வொரு வேலையையும் அளந்தாள். பதிவுக்கு இரண்டு நிமிடம். பரிசோதனைக்கு ஆறு. அலமாரியில் தேட மூன்று.

"ஸ்டாப்வாட்ச் மேடம், நான் தும்மினா எவ்ளோ நேரம்?"

"ரெண்டு செகண்ட். கைக்குட்டை தேட நாப்பது."

ஒருநாள் வேண்டுமென்றே தும்மினான். மறுநாள் அவன் மேசையில் மடித்த கைக்குட்டை ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று அவனும் கேட்கவில்லை... அவளும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவே இல்லை. கண்ணாடி பொருத்தி முடிந்ததும், வந்தவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பான். பத்து நிமிடம். அவர்களாக வாய் திறக்கும்வரை யாரும் பேசக்கூடாது. அவனும் அசையாமல் பக்கத்தில் நிற்பான். வெளியே வரிசை நின்றுகொண்டே இருக்கும். ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பேரைத்தான் பார்க்க முடியும்.

கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அவள் அறிக்கையை அவன் மேசையில் வைத்தாள். அதில் ஒரு வரி சிவப்பு மையில்: 'ஜன்னல் நாற்காலி, பத்து நிமிடம், வீண்.'

அவன் அதை இரண்டு முறை படித்தான்.

"அந்த நாற்காலில உக்காந்தவங்க முகத்தை ஒருதடவையாவது பாத்திருக்கீங்களா?"

"எனக்கு வாட்ச் பாக்கற வேலை."

"அதான் தெரியுதே."

அவளுக்குச் சுருக்கென்றது. "நேத்து பன்னிரண்டு பேர் திரும்பிப் போனாங்க. அவங்க முகத்தை நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேன்!"

"ரெஸ்யூம்ல ஒரு வரி வேணும்னா சொல்லுங்க. இப்பவே எழுதித் தர்றேன்."

அவள் பையை எடுத்தாள், படியிறங்கினாள். மழையில் நனைந்துகொண்டே நடந்தாள். கன்னத்தில் வழிவது மழைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் சிமென்ட் கம்பெனியின் படிவத்தை எடுத்து நிரப்பினாள்.

"இப்பதான் புத்தி வந்துச்சு," என்றாள் அம்மா, தையல் மிஷினை மிதித்துக்கொண்டே. "ஊருக்கு உழைக்கிறது தப்பில்லடி. ஆனா முதல்ல நீ சொந்தக் கால்ல நிக்கணும். நான் ஒண்டியா நின்னு பட்டது போதும்."

*

வெள்ளிக்கிழமை காலை. வழக்கம்போல் அவள் ஊசிகளில் நூல் கோத்தாள். தினமும் ஏழு ஊசிகள். கோத்து, பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்புவாள். ஐந்து முடிந்தது. ஆறாவது ஊசியில் கை நின்றுவிட்டது.

"அம்மா... நீ ஏன் நூல் கோக்கறதே இல்ல?"

"நீ இருக்கியே."

"எத்தனை நாளா?"

"நீ எட்டாவது படிக்கறப்பலேர்ந்து." அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "கிட்ட, தூரம் எல்லாமே மங்கல்தான், வயசானா எல்லாருக்கும் அப்படித்தான். விரலே துணியைப் பாத்துக்கும், கண்ணு எதுக்கு?"

ஊசியைக் கீழே வைத்தாள். இரண்டு வாரமாக ஊரார் பார்வையை நொடிக்கணக்கில் அளந்தவள்... தன் வீட்டில் தினமும் ஏழு ஊசி கோத்தவள்... இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. படிப்பு, அறிக்கை, சிவப்பு மை!

"கிளம்புமா."

"எங்கடி, இந்த மழையில?"

இனி அந்தப் படி ஏறுவதில்லை என்று நேற்றுதான் சபதம் எடுத்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தபோது அந்தச் சபதம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

வரிசையில் எல்லாரையும்போல் நின்றார்கள். கிடைத்த எண் பத்தொன்பது. பதினெட்டாவது ஆள் வெளியே போனபோது மணி மூன்று, மூடும் நேரம். அவன் வாசலுக்கு வந்தான், அவளைப் பார்த்தான். ஒரு கணம் இருவர் கண்ணும் சந்தித்து, இரண்டும் சேர்ந்தே தரையைப் பார்த்தன.

"உள்ள வாங்கம்மா," என்றான் அவள் அம்மாவிடம்.

பரிசோதித்தான். அலமாரியில் தேடினான். நான்காவது கண்ணாடி பொருந்தியது. யாருடையதோ பழுப்பு ஃபிரேம், ஓரத்தில் ஒரு கீறல். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தான்.

ஸ்டாப்வாட்ச் அவள் பைக்குள் கிடந்தது. இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தாள்.

முதலில் அம்மா வெறுமனே விழித்தாள். பிறகு நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. எத்தனையோ வருடமாய் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்றை அந்த முகம் மெதுவாகக் கீழே வைத்ததுபோல்... வாய் லேசாகத் திறந்தது. கை தானாக எழுந்து ஜன்னலை நோக்கிப் போய், தொடாமல் நின்றது. உலகம் அம்மாவுக்குள் நுழைவதை அவள் நின்று பார்த்தாள். அவளுக்குப் புல்லரித்தது. பக்கத்தில் அவன். நாலு வருடமாக ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை இதைப் பார்த்தவன்... இன்னமும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றான்.

அம்மா பேசினாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"கம்பில தொங்குது பாரேன்... துளி. ஒவ்வொரு துளிக்குள்ளயும் ஒரு மரம்... தலைகீழா..."

பிறகு மகளை நோக்கித் திரும்பினாள். பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஏண்டி... நீ இவ்ளோ பெரிய பொண்ணாயிட்டியா?" அம்மாவின் கன்னத்தில் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கியது. "எனக்கு அந்த எட்டாவது படிக்கற மூஞ்சிதான் மனசுல இருந்துச்சு..."

அவன் அலமாரிப் பக்கம் போய் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாதான் முதலில் எழுந்தாள். "சிமென்ட் எங்க போகப்போகுது, அது கெட்டியா அங்கேயே கிடக்கும். நீ இங்கயே வேலை பாரு." பிறகு மகளின் காதருகே குனிந்தாள். "அந்தத் தம்பி அப்போலேர்ந்து ஒரே கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு உன்னையே பாக்குது. உனக்குத் தெரியலையா? நீயும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கடி."

பேருந்து எண்ணைத் தானே படித்து ஏறப்போவதாகச் சொல்லிவிட்டு, துணைக்கு வராதே என்று கையமர்த்திவிட்டு, அம்மா குடையோடு இறங்கிப் போனாள்.

"நான் 'வீண்'னு எழுதினது தப்பு," என்றாள் அவள். "ஆனா பன்னிரண்டு பேர் திரும்பிப் போறதும் தப்பு."

அவன் தலைகுனிந்தான். "நேத்து ராத்திரி உங்க அறிக்கையைத் திரும்பப் படிச்சேன். அந்தப் பன்னிரண்டு பேரை நான் பாக்கலதான். ரெஸ்யூம்னு சொன்னதுக்கு... மன்னிச்சிருங்க."

அவள் எதிர்ச்சுவருக்கு நடந்தாள். கூரைவரை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைத் தட்டினாள். "இதுக்குப் பின்னால என்ன?"

"பெட்டிதான்."

"வெளியே தெருவுலேர்ந்து பாத்தா இங்க ரெண்டு ஜன்னல் தெரியுது."

அவன் திகைத்து நின்றான். நாலு வருடம் இதே அறையில் இருந்தவன்!

"ரெண்டாவது நாற்காலி போடலாம். ஒருத்தர் உக்காந்திருக்கறப்பவே நீங்க அடுத்தவரைப் பாக்கலாம். பத்து நிமிஷமும் குறையாது... யாரும் திரும்பியும் போகமாட்டாங்க."

"பக்கத்துல நிக்க ஆள் வேணுமே?"

"நான் நிக்கறேன்."

அவன் தன் மேசைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தான். திரும்பி வந்தபோது கையில் ஒரு கடிதம், காலையிலேயே டாக்டரம்மாவிடம் அவன் கையெழுத்து வாங்கி வைத்திருந்தது. மணி நான்கு. அவள் அதைப் படமெடுத்து வேலைவாய்ப்பு அதிகாரிக்கு அனுப்பினாள். 'கிடைத்தது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

இருவரும் சேர்ந்து பெட்டிகளை நகர்த்தினார்கள். தூசுக்குப் பின்னால் ஜன்னல் மெல்ல வெளிப்பட்டது. அவன் துடைத்தான். மழை விட்டிருந்தது. ஈர வெளிச்சம் அறைக்குள் நீளமாக விழ, ஐயாயிரம் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் கண் விழித்தன.

அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"உக்காந்து பாருங்க, சரியா இருக்கான்னு," என்று நாற்காலியைப் போட்டான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் நின்றான். உட்கார்ந்தவர் பேசும்வரை யாரும் பேசக்கூடாது. விதி அவனுடையதுதான். அவள் குறும்பாக ஸ்டாப்வாட்சை எடுத்து அழுத்திவிட்டு, வெளியே பார்த்தாள். நனைந்த தெரு... மரம்... ஜன்னல் கண்ணாடியில் மங்கலாக அவன் முகம்.

அவள் பேசவில்லை. அவன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினான். கைக்குட்டையை எடுத்தான். மடித்தான். பிரித்தான்.

"மன்னிக்கணும்," என்றான் திடீரென்று. "நாலு வருஷத்துல இந்த விதியை நான் மீறினதே இல்ல. ஆனா..."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் இருந்த அந்த முகத்தையே பார்த்தாள்.

"நேத்து நீங்க போனதுக்கப்புறம் பதினாறு கண்ணாடிக்குச் சீட்டு வச்சேன். கடைசில பாத்தா... ஃபிரேம் கலருக்குப் பொருத்தமா வச்சிருக்கேன்." குரல் தடுமாறியது. "அன்னிக்குப் படில ஒத்தைக் கால்ல நின்னீங்களே... அப்பலேர்ந்தே உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு."

ஜன்னல் கம்பியில் ஒரு துளி தொங்கியது. குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரு மரம் தலைகீழாக.

ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

"மூணு நிமிஷம், நாப்பது செகண்ட்," என்றாள். "நான்தான் எழுதியிருந்தேனே... பத்து நிமிஷம் ரொம்ப அதிகம்னு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ... பதில்?"

அவள் இப்போதுதான் திரும்பினாள். அந்தக் கறுப்புக் கண்களை, கண்ணாடிக்குள் இல்லாமல், நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு எதுக்கு அழுதுட்டு ஓடிவந்தேன்னு, உங்க கண்ணைப் பாத்ததும் மறந்துபோச்சு," என்றாள். "அப்பவே நான் சொல்லியிருக்கணும்... எனக்கும்தான்."