வீரய்யா தாத்தாவின் முதல் ஓட்டு

சுந்தரி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரை போகாது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகள் அப்படித்தான். இந்தப் பக்கம் சுந்தரி தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து, "நூறு வயசு!" என்று வீரய்யா தாத்தாவின் குரல் வரும்.

வீரய்யா தாத்தா, பக்கத்து வீட்டு ராஜலிங்கம் மாமாவின் அப்பா. அறுபது வயது. ஆனால் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு கடல் தாண்டி வந்தவர்கள் என்று சொல்லி, தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள். தாத்தாவுக்கு அது இந்த வருடம்தான் கிடைத்தது.

அதற்காக அவரைக் கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, நாலு தடவை கூட்டிப் போனது கூடைச் சின்னக் கட்சி. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது மணிச் சின்னக் கட்சி. ஆகவே தாத்தாவின் ஓட்டு தங்களுக்குத்தான் என்று இரண்டு கட்சியும் சொல்லிக்கொண்டன.

"யாருக்குத் தாத்தா போடப் போறீங்க?" என்று சுந்தரி கேட்டாள்.

"அது எனக்கும் பெட்டிக்கும் உள்ள ரகசியம்."

"எங்கிட்டயாவது சொல்லுங்க!"

"ம்ஹும். ஆனா ஓட்டுப் போட்டா சுண்டுவிரல்ல மை பூசுவாங்க. அத மொதல்ல ஒனக்குத்தான் காட்டுவேன்" என்று விரலை ஆட்டிச் சிரித்தார் தாத்தா.

சுந்தரியின் அப்பா கறுப்பையா கூடைக் கட்சி. ராஜலிங்கம் மாமா மணிக் கட்சி. இருவரும் "மச்சான், மச்சான்" என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். தேர்தல் வந்தது, அதோடு அந்த ஒட்டும் போயிற்று. இவர் ஒட்டிய சுவரொட்டியின் மேல் அவர் ஒட்டினார். அவர் ஒட்டியதை இவர் கிழித்தார். லயமே கூடி வேடிக்கை பார்க்கும்படி கத்தினார்கள். அன்று மாலையே சுவருக்கு மேலிருந்த இடைவெளியைச் சாக்குகளால் அடைத்தாயிற்று.

பெரியவர்கள் சண்டை போட்டால் சமாதானப்படுத்த யாரும் வருவதில்லை என்பது சுந்தரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தும்மும்போது மட்டும், சாக்குக்கு அந்தப் பக்கமிருந்து மெல்ல, "நூறு வயசு" என்று கேட்கும்.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கையில் ஒரு காலை, தாத்தா எழுந்திருக்கவேயில்லை.

அழுகைச் சத்தம் கேட்டதும் அம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். அப்பாவும் எழுந்தார். ஆனால் அவர் வாசலுக்கு வருவதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. மணிக் கட்சிக்காரர்கள் இறங்கி, ரோட்டிலிருந்து மாமா வீட்டு வாசல் வரை தங்கள் கட்சியின் ஊதாக் கொடிகளை வரிசையாகக் கட்டிவிட்டுப் போனார்கள்.

அப்பா அப்படியே நின்றார். "அந்தக் கொடிக்குக் கீழ நான் குனிஞ்சு போகமாட்டேன்" என்றார்.

கூடைக் கட்சிக்காரர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் வாசலிலேயே நின்றார்கள். அது பாதி லயம். தாத்தாவை வழியனுப்பப் பாதிப் பேர்தானா? சுந்தரி நேராக மாமாவிடம் போனாள். அவர் தாத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, தாத்தா எந்தக் கட்சி?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "அவரு சொல்லவே இல்லையே, தாயி."

"அப்ப வெள்ளைக் கொடி கட்டலாமா மாமா? எல்லா எழவு வீட்டுலயும் அதானே கட்டுவாங்க?"

மாமா எழுந்தார். வெளியே வந்து, ஊதாக் கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

வெள்ளைத் தாளுக்கு எங்கே போவது? டவுனுக்கு பஸ் வர நேரமிருந்தது. சுந்தரிக்கு அப்பாவின் கட்டிலுக்கடியில் இருந்த சுவரொட்டிக் கட்டு நினைவுக்கு வந்தது. இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் நல்ல வெள்ளை. மாமாவின் மகள் ரத்தினம்மா அழுதுகொண்டே தங்கள் வீட்டுச் சுவரொட்டிக் கட்டையும் எடுத்து வந்தாள். இரண்டு பேரும் கூடையையும் மணியையும் முதுகோடு முதுகாக ஒட்டி, முக்கோணமாக வெட்டி, கயிற்றில் கோக்கத் தொடங்கினார்கள். ஒட்டுவதற்கு அப்பா காய்ச்சி வைத்திருந்த மாப்பசையே இருந்தது.

முதுகோடு முதுகாக ஒட்டினால் வெள்ளை உள்ளே போய்விடும் என்று இரண்டாவது கொடியில்தான் ரத்தினம்மா கண்டுபிடித்தாள். அழுகைக்கு நடுவிலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு படங்களை உள்ளே வைத்து ஒட்டினார்கள்.

ஏணி இல்லை. கைக்கு எட்டிய உயரத்தில்தான் கட்ட முடிந்தது. வாசலில் கயிறு அப்பாவின் நெஞ்சுக்குத்தான் வந்தது.

அப்பா வந்து ஒரு கொடியைப் பிடித்து வெயிலில் பார்த்தார். உள்ளே கூடையும் மணியும் மங்கலாகத் தெரிந்தன.

"என் நோட்டீசா இது?"

"ஆமாப்பா" என்றாள் சுந்தரி. அடி விழும் என்று நினைத்தாள்.

அப்பா கொடியைக் கையிலிருந்து விட்டார். பிறகு நன்றாகக் குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து உள்ளே போனார். "மச்சான்..." என்று அவர் குரல் உடைந்தது. அவருக்குப் பின்னால் லயமே ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்தது.

தேர்தல் நாளன்று அப்பாவும் மாமாவும் ஒன்றாகத்தான் புறப்பட்டுப் போனார்கள். அவர் கட்சி அவருக்கு, இவர் கட்சி இவருக்கு. அதில் மாற்றமில்லை. சுந்தரி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா நடந்து போயிருக்க வேண்டிய பாதை அது. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

திரும்பி வந்த மாமா தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சுந்தரியிடம் வந்து, அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மை பூசிய சுண்டுவிரலை நீட்டினார்.

"ஒனக்குத்தான் மொதல்ல காட்டணும்னு எங்கப்பா சொல்லியிருந்தாரு" என்றார்.

சுந்தரி அந்த விரலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். யாருக்குப் போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை.