வயிறு தெரிகிற மீன்கள்

எங்கள் வீட்டு மீன்தொட்டியைப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"தண்ணியை மட்டும் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

தண்ணீர் மட்டுமில்லை, மீனும் இருக்கிறது. ஒன்பது மீன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தளவு. உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால், மீனைப் பார்த்தால் பின்னால் இருக்கிற சுவர்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் முதலில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை கண்கள். அப்புறம் நூல் மாதிரி முதுகெலும்பு. அப்புறம் வயிறு.

போன வாரம் வரை பன்னிரண்டு இருந்தன. தண்ணீர் கலங்கிக் கலங்கி மூன்று செத்துப்போய்விட்டன. இதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிப்பதற்காக, தீரி என்கிற நான், வீட்டில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

எனக்குச் சந்தேகப்படுவது நன்றாகவே வரும். "நீ பொறந்தப்பவே நர்ஸை ஒரு மாதிரி முறைச்சுப் பாத்தே" என்பான் சித்து அண்ணன்.

மீன்களைக் கொண்டுவந்தது அப்பா. லாரி ஓட்டிக்கொண்டு பகோ மலைப்பக்கம் போனபோது ஓர் ஓடையில் பிடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்தார். அம்மாவுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

"ஒண்ணுமில்லாததுக்கு ஒரு தொட்டி, அதுக்கு ஒரு விளக்கு வேற" என்றாள். அதிலிருந்து அவற்றுக்கு அம்மா வைத்த பெயரே 'ஒண்ணுமில்லாததுங்க'தான்.

பள்ளியில் யாரும் என்னை நம்பாததால்தான் நான் படம் எடுக்கத் தொடங்கினேன். அது சுலபமில்லை. தொட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டவேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடிக்கவேண்டும். அப்பாவின் பழைய செல்போனில் ஒரு குட்டி லென்சை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். நூறு படம் எடுத்தால் தொண்ணூற்றெட்டில் வால் மட்டும் இருக்கும். மீதி இரண்டில் மீன் வெள்ளியால் வரைந்தது போல ஜொலிக்கும்.

அப்படி எடுத்த படத்தில்தான் அந்த விஷயம் தெரிந்தது.

பள்ளிக்குப் போகும் முன்னும், மாலையில் வந்த பிறகும் நான் இறால் குஞ்சு போடுவேன். உப்புத் தண்ணீரில் முட்டையைப் போட்டு நானே பொரிக்கவைப்பது. ஊசிமுனை அளவுதான் இருக்கும், ஆரஞ்சு நிறம். அதைத் தின்றால் மீனின் வயிறும் ஆரஞ்சாகிவிடும். கண்ணாடி வயிறாயிற்றே, ஒளிக்கமுடியாது.

ஆனால் ஒரு நாள் மாலை, நான் தீனி போடுவதற்கு முன் எடுத்த படத்தில் எல்லா வயிறும் மஞ்சள். மறுநாள் மாலையும் மஞ்சள்.

மஞ்சள் தீனி எதையும் நான் போடவே இல்லை.

தண்ணீரில் விரலை விட்டு மோந்து பார்த்தேன். வறுத்த கடலைமாவு வாசனை. சோற்றில் எண்ணெய் விட்டுப் பிசையும்போது நாங்கள் தூவிக்கொள்கிற அதே மாவு.

அப்பா ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்த ஞாயிறு மறுபடி மலைக்கு லோடு இருக்கும்மா. அதுக்குள்ள தண்ணி தெளியலேன்னா, மிச்சம் இருக்கறதையாவது ஓடையிலேயே விட்டுடுவோம். இங்க கெடந்து சாகவேண்டாம்."

ஏழு நாள்தான் இருந்தது.

முதல் சந்தேகம் சித்து அண்ணன் மேல். எங்கள் வீட்டில் கடலைமாவை அதிகம் தின்பவன் அவன்தான்.

"நாக்கை நீட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"நீட்டு."

நீட்டினான். மாவு இருந்தது.

"நீதான் மீனுக்கு மாவு போட்டே."

"எனக்கே மாவு பத்தலைன்னு நான் டப்பாவைச் சுரண்டிட்டிருக்கேன். கண்ணுக்கே தெரியாத மீனுக்கு எதுக்குப் போடப்போறேன்?"

"பொய் சொல்றே. மூணு மீனைக் கொன்னுட்டே."

அவன் முகம் சுருங்கிவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை அவன். எனக்கு ஒரு மாதிரி இருந்தாலும் சந்தேகம் போகவில்லை.

அடுத்தது பக்கத்து வீட்டு டோ சான் அத்தை. டோஃபு செய்து விற்பவர். எங்கள் ஊரில் அதைக் கடலைமாவில்தான் செய்வார்கள். எப்போது பார்த்தாலும் முழங்கை வரை மாவு. அம்மாவோடு பேச எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார்.

"அத்தை, நீங்க எங்க மீனுக்கு ஏதாவது போட்டீங்களா?"

"அடி போடி. அதுல மீன் இருக்குன்னே எனக்கு முந்தாநாள்தான் தெரியும். சும்மா தண்ணின்னு நெனச்சுக் கை கழுவப் போனேன். உங்கம்மா பாய்ஞ்சு வந்து என் கையைப் புடிச்சு இழுத்தா பாரு, தோள்பட்டை இன்னும் வலிக்குது."

"அப்ப உங்க கைமாவு தண்ணியில விழலையா?"

"விழல. என்னை விசாரிக்க வந்துட்டா, பெரிய இன்ஸ்பெக்டர். சாப்டியா? டோஃபு தின்னுட்டுப் போ."

தின்றேன். ஆனாலும் அவர் கையைப் பார்த்துக்கொண்டேதான் தின்றேன்.

புதன்கிழமை பௌர்ணமி. எங்கள் ஊரில் அன்றைக்குப் பள்ளி விடுமுறை. நான் ஒரு பொறி வைத்தேன். தொட்டிக்குப் பின்னால் இருக்கிற கறுப்புத் துணியில் சின்ன ஓட்டை போட்டேன். அதற்குப் பின்னால் செல்போனை வைத்து, படம் பதியவிட்டேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் விளையாடப் போறேன். ரெண்டு மணிக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இரண்டு மணிக்கு வந்து, செல்போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

லென்ஸ் ரொம்பக் கிட்டத்தில் இருந்ததால் மீன்கள் மட்டும்தான் தெரிந்தன. வயிறு காலியாக அங்குமிங்கும் நீந்தின. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று ஒரு நிழல். மேலிருந்து மஞ்சள் தூள் மெல்ல இறங்கியது. மீன்கள் பாய்ந்து வந்தன.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"சாப்டீங்களாடா கண்ணுங்களா? எங்கே சாப்டீங்க, வயித்துல ஒண்ணுமே இல்லேன்னு பளிச்சுன்னு தெரியுதே. காலையில ஒரு வாய் போட்டுட்டு அவ பறந்துடறா. சாயங்காலம் வரைக்கும் பச்சப்புள்ளைங்க பட்டினி. வாங்க, நானும் தனியாத்தான் உக்காந்திருக்கேன். சேர்ந்து சாப்பிடுவோம்."

அப்புறம் தட்டில் கரண்டி படுகிற சத்தம்.

அம்மா.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சாப்டாச்சா?" என்பதுதான். அம்மா அதைத் தபால்காரரிடம் கேட்பாள், தெருநாயிடமும் கேட்பாள். அப்படிப்பட்டவளுடைய கண்ணெதிரே ஒன்பது காலி வயிறுகளை வைத்துவிட்டு நான் பள்ளிக்குப் போயிருக்கிறேன். அவள் என்னதான் செய்வாள்?

ஆனால் மாவு நின்றாகவேண்டும். அப்பாவிடம் சொன்னால் நின்றுவிடும். கூடவே, "உங்களாலதான் மூணு செத்துப்போச்சு" என்கிற பேச்சும் வரும். அதைக் கேட்டால் அம்மா இரண்டு நாளைக்குச் சாப்பிடமாட்டாள். சித்து அண்ணன் இரண்டு வருஷத்துக்குக் கேலி செய்வான்.

அன்று மாலை பாதித் தண்ணீரை மாற்றினேன். மறுநாள் காலை ஒரு சின்னக் குப்பியில் இறால் குஞ்சுகளை ஊற்றி, சொட்டுக்குழாயோடு தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அடியில் ஒரு சீட்டு.

'மதியம் வருகிறவருக்கு. இதில் இரண்டு சொட்டு போடவும். மாவு வேண்டாம். மாவு தண்ணீரைக் கெடுக்கும், இவற்றுக்கு மூச்சு முட்டும். தினமும் மறக்காமல் வரவும்.'

மாலையில் வந்து படம் எடுத்தேன். எல்லா வயிறும் ஆரஞ்சு. கடலைமாவு டப்பா பரண்மேல் ஏறியிருந்தது. அம்மா என்னைப் பார்க்காமல் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

அண்ணனுக்கு என் பங்கு வாழைப்பழ பஜ்ஜியைக் கொடுத்தேன்.

"நீ இல்லை. நான் சொன்னது தப்பு."

"அப்ப யாரு?"

"தெரியல."

"உனக்குத் தெரியும்" என்றான், என்னை மேலும் கீழும் பார்த்து. பஜ்ஜியைப் பிட்டு உள்ளே வேறு பார்த்தான். இப்போது அவனுக்கு என்மேல் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா பிளாஸ்டிக் பையோடு வந்தார். தொட்டி முன்னால் குனிந்தார். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு.

"எத்தனை?"

"ஒன்பது" என்றேன்.

அப்பா பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப இங்கேயே இருக்கட்டும். ஆமா, எல்லாம் வயிறு முட்டத் தின்னுருக்கே. மத்தியானத்துல யார் தீனி போட்டது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அம்மா. "அந்த ஒண்ணுமில்லாததுங்களை யார் திரும்பிப் பாக்கறா?" தையல் மெஷின் கடகடவென்று வேகமாக ஓடியது.

அப்பா போன பிறகு, கழுவி வைப்பதற்காகக் குப்பியை எடுத்தேன். அடியிலிருந்த சீட்டு திருப்பிப் போடப்பட்டிருந்தது. பின்பக்கம் அம்மாவின் கையெழுத்து.

'வளர்ற புள்ளைங்களுக்கு ரெண்டு சொட்டு எப்படிப் பத்தும்? மூணு போட்டேன்.'

நான் சீட்டைத் திருப்பி, 'இரண்டு' என்பதை அடித்துவிட்டு 'மூன்று' என்று எழுதி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.