மூச்சு விடாத ஸ்டாண்ட்

காதல் கதை என்றால் முதலில் கண்கள் வர வேண்டும். வந்தது. ஒன்றுதான்... ஆனால் முப்பத்திரண்டு அங்குலம்.

மழையில் தொப்பலாக நனைந்து, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த திரை முழுக்க ஒரு கண். பழுப்பு நிறம். இமை மயிர் ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி தடிமன். அது அவளைப் பார்த்து ஒருமுறை சிமிட்டியது.

கண்ணுக்குச் சொந்தக்காரன், பயிற்சிப் பெட்டி வைத்திருந்த மேசையின் மூலையில் உட்கார்ந்திருந்தான். கேமராக் குழலை முகத்துக்கு நேரே பிடித்து, அதன் முனையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஹலோ... இது என் பெட்டி.”

குழல் திரும்பியது. திரையில் கண் போய், மூக்கு போய், மின்விசிறி போய், கடைசியில் அவளே வந்தாள். நனைந்த கோழி மாதிரி.

“பெட்டி ஆஸ்பத்திரியோடது. நேரம் மட்டும் என்னோடது. ரெண்டுலேர்ந்து மூணு. எழுதியிருக்கேன், பாருங்க.”

“நானும்தான் எழுதியிருக்கேன்!”

பதிவேட்டைப் புரட்டினார்கள். இரண்டு பேரின் கையெழுத்துகளும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஆட்களைவிடக் கையெழுத்துகளுக்குக் கூச்சம் குறைவு.

“உங்களுக்குத் தேர்வு எப்போ?” என்றான்.

“அடுத்த வாரம்.”

“அப்ப நீங்க தைங்க. எனக்குக் கேமரா பிடிச்சுப் பழகணும். ஸ்டாண்ட் வேற உடைஞ்சு கிடக்கு. நானே ஸ்டாண்டா நிக்கறேன்.”

அவள் வயிற்று அறுவைப் பிரிவில் பயிற்சி மருத்துவர். அவன் எதிர்க் கட்டடத்துச் சிறுநீரகப் பிரிவு. கதாநாயகன் இதயப் பிரிவிலிருந்து வந்திருக்கலாம்... நமக்குக் கிடைத்தது இதுதான்.

பெட்டி என்றால் வெறும் பெட்டிதான். மூடி, தோல் நிற ரப்பர். அதில் மூன்று துளைகள். இரண்டில் நீளமான இடுக்கிகள், ஒன்றில் கேமராக் குழல். உள்ளே பிளந்த வாயோடு ஒரு ரப்பர்த் துண்டு. பிளவின் இரு பக்கமும் கறுப்புப் புள்ளிகள். திரையைப் பார்த்தபடி, ஊசியை ஒரு புள்ளியில் இறக்கி மறுபுள்ளியில் எடுத்து, உள்ளேயே மூன்று முடிச்சுப் போட வேண்டும். ஐந்தே நிமிடம். கையை வலப்பக்கம் அசைத்தால் முனை உள்ளே இடப்பக்கம் போகும். ரப்பர் பிடுங்கிக்கொண்டு வந்தால் தோல்வி. தேறினால் ஒன்றாம் தேதியிலிருந்து உண்மையான அறுவை அரங்கு. இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் ரப்பரோடு குடும்பம்.

அவள் இடுக்கிகளைப் பிடித்தாள். தலைமுடியிலிருந்து ஒரு மழைத்துளி இறங்கி, நெற்றி கடந்து, மூக்கு நுனியில் வந்து நின்றது.

“துடைக்கணுமா?” என்றான் மெதுவாக.

“திரையப் பாருங்க.”

“பார்த்துட்டுத்தான் இருக்கேன்...”

“எந்தத் திரைய?”

துளி விழுந்தது.

அந்த வாரம் முழுக்க ரெண்டுலேர்ந்து மூணு. அவனுக்கு ‘ஸ்டாண்ட்’ என்றே பெயர் வைத்துவிட்டாள். “ஸ்டாண்ட், கிட்ட வாங்க.” “ஸ்டாண்ட், கொஞ்சம் தள்ளி.” இவ்வளவு தைரியமாக ஓர் ஆணிடம் கிட்ட வாங்க என்று அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. கேமராவுக்குத்தான் சொன்னாள்... காது ஏன் சூடாகிறது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள்தான் கவனித்தாள். கேமராவை ஆள் பிடித்தால் படம் சும்மா நிற்பதில்லை. மிக மெல்ல ஏறி இறங்குகிறது. அவன் மூச்சு! அவள் ஊசி ரப்பரைத் தொடும்போது மட்டும் படம் அப்படியே உறைந்து நிற்கும்... ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் ஒரு நீண்ட ஏற்றம், ஒரு நீண்ட இறக்கம். அவளுக்காக ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான்! இதைப் பாடப்புத்தகத்தில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது?

தேர்வு நாள் வந்தது. தைப்பவருக்கும் கேமரா பிடிப்பவருக்கும் சேர்த்தே மதிப்பெண் என்பதால் இருவரும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். தலைமைப் பயிற்றுநர், மில்லிமீட்டர் மேடம், நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். பெருமை என்றே நினைத்தார்.

முதல் முடிச்சு. இரண்டாவது. நூலை இழுக்கும் நேரத்தில்... படம் சாய்ந்தது. நேராக இருந்த உலகம் கால்பங்கு திரும்பியது. மேலே என்று அவள் இழுத்தது பக்கவாட்டில் போயிற்று. ரப்பர் பிடுங்கிக்கொண்டு வந்தது.

“நிறுத்தலாம்” என்றார் மேடம்.

வராந்தாவில் அவள் வெடித்தாள்.

“என்ன ஆச்சு உங்களுக்கு? எங்க பார்த்துட்டிருந்தீங்க?”

அவன் தரையைப் பார்த்தான். “தப்பு என் மேலதான்.”

“அது எனக்கே தெரியும்! ஏன்னு கேக்கறேன்.”

“...சொல்ல முடியாது.”

“முடியாதா? உங்களுக்கு இது விளையாட்டு. உங்கள நம்பறதுக்குப் பதிலா அந்த நெஜ ஸ்டாண்டே போதும் எனக்கு. போங்க!”

அவன் போய்விட்டான். சொன்னதும் போய்விடுகிற ஆண்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? கையை வலப்பக்கம் அசைத்தால் முனை இடப்பக்கம் போகும் என்பது பெட்டிக்கு மட்டுமா? சிறுநீரகப் பிரிவில் இதையெல்லாம் சொல்லித்தர மாட்டார்களா?

மூன்று வாரம் கழித்து மறுதேர்வு என்று அறிவிப்புப் பலகையில் அவள் எண் வந்தது. மேடத்துக்கு இரக்கம் சுரந்திருக்கிறது என்று நினைத்தாள். மேடத்தைத் தெரிந்த யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

உடைந்த ஸ்டாண்டைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். இரும்புக் கை. இறுக்கித் திருகினால் ஓர் இழைகூட நகராது. படம் பளிங்கு மாதிரி நின்றது. ஏறவில்லை, இறங்கவில்லை. ஊசி உள்ளே போனாலும் சரி, வெளியே வந்தாலும் சரி... அதற்கு ஒன்றுமே இல்லை. முடிச்சுகள் சரியாகத்தான் விழுந்தன. அவள்தான் ஒவ்வொரு முடிச்சுக்கும் அப்புறம் ஒரு நொடி காத்திருந்தாள்... யாரோ மூச்சு விடுவதற்காக.

ரெண்டுலேர்ந்து மூணு கட்டத்தில் அவள் கையெழுத்து மட்டும் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்து வாசலில் குடைகள் விரியும், மடங்கும். எந்தக் குடைக்குக் கீழே அந்தப் பழுப்புக் கண்? ஒருநாள் மருந்துக் கிடங்கு வாசலில் பார்த்தாள். அவன் இடப்பக்கம் ஒதுங்கினான். அவளும் அதே பக்கம் ஒதுங்கினாள். இருவரும் வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். ஒரு வார்த்தை பேசாமல் விலகிப் போனார்கள்.

அக்கா போன் செய்தாள். “என்னடி, ரப்பரத் தச்சு முடிச்சியா இல்லையா?”

“இன்னும் இல்லக்கா.”

“அடிபட்டு வந்த மனுஷங்களையே தச்சவ, போயும் போயும் ரப்பருக்கா அழற?”

“ரப்பருக்கு அழல.”

“பின்ன?”

“சிக்னல் சரியில்லக்கா...”

சிக்னல் அருமையாக இருந்தது.

மறுதேர்வு அன்றும் மழை. கேமரா பிடிப்பவர் பின்னாலிருந்து வருவார், திரையிலிருந்து கண்ணை எடுத்தால் மதிப்பெண் குறையும் என்றார் மேடம். அவள் இடுக்கிகளைப் பிடித்துத் திரையை வெறித்தாள். யாரோ வந்து இடப்பக்கம் நின்றார்கள். பெட்டியின் உள்பக்கம் திரையில் விரிந்தது.

மெல்ல ஏறியது... மெல்ல இறங்கியது.

அவள் ஊசியைப் புள்ளியருகே கொண்டுபோனாள். தொட்டாள்.

படம் உறைந்து நின்றது.

அவள் திரும்பவில்லை. “கிட்ட...” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. படம் கிட்ட வந்தது. ஊசி மறுபுள்ளியில் எட்டிப் பார்த்தது... நீண்ட ஏற்றம், நீண்ட இறக்கம். முதல் முடிச்சு. இரண்டு. மூன்று. மழைச் சத்தமும் கடிகாரமும் தவிர அறையில் எதுவும் இல்லை.

“நாலு நிமிஷம் பன்னிரண்டு” என்றார் மேடம். “தேறிட்ட.”

அவள் திரும்பினாள். இடப்பக்கம் காலி. கதவு ஆடிக்கொண்டிருந்தது.

“அவரு ஏன் இங்க வந்தாரு மேடம்?”

“அவனுக்கும் மறுதேர்வுதானே? பிழை தன்னோடதுன்னு எழுதிக் குடுத்தான், அவன் மார்க்கைப் பூஜ்யம் ஆக்கினேன். அதனாலதான் உனக்கு ரெண்டாவது வாய்ப்பே வந்துது. என்ன பார்க்கற? இரக்கப்பட்டேன்னு நெனச்சியா?” ஒரு தாளை நீட்டினார். “ஒரு கட்டத்தைக் காலியா விட்டிருக்கான். அத நிரப்பி வாங்கிட்டு வா. அதுவரைக்கும் உன் மார்க் செல்லாது.”

தாளில் இப்படி இருந்தது.

பிழை: காட்சி சாய்ந்தது.
காரணம்: கேமரா பிடித்தவர் திரையைப் பார்க்கவில்லை.
அப்போது எதைப் பார்த்தார்:
மீண்டும் நிகழாமல் இருக்க நடவடிக்கை: முயல்கிறேன். உறுதி கூற இயலாது.

காலிக் கட்டத்தைச் சுற்றி மேடத்தின் சிவப்பு மை வட்டம்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவன் வாசல் போர்டிகோவில், மழை குறையக் காத்து நின்றிருந்தான்.

“ஸ்டாண்ட்!”

திரும்பினான். இப்போது கண்கள் இரண்டு. அளவும் சாதாரணம்தான். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

“இத நிரப்புங்க. இல்லன்னா என் மார்க் செல்லாதாம்.”

“வேற ஏதாவது எழுதிடட்டுமா? ஜன்னல்னு...”

“பொய் எழுதினா அந்தம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. மில்லிமீட்டர் கணக்குல.”

அவன் தூணில் தாளை வைத்து எழுதினான். ரொம்ப நேரம் எழுதினான். சின்னக் கட்டம், வரிகள் வெளியே வழிந்தன. அவள் வாங்கிப் படித்தாள்.

‘அவர் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி நின்றது. இரண்டு கையும் வேலையில் இருந்ததால் அவரால் துடைக்க முடியவில்லை. விழுமா என்று பார்த்தேன். அப்புறம் துளியை மட்டும் பார்க்கவில்லை. முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.’

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே...”

“என்னன்னு சொல்றது? உங்க ஆறு மாசத்த ஒரு சொட்டு வேர்வைக்காகக் கெடுத்துட்டேன்னா? அதுவும் நீங்க, நெஜ ஸ்டாண்டே போதும்னுட்டீங்க.”

அவள் தாளைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள்.

“போதல” என்றாள்.

“என்ன?”

“அந்த ஸ்டாண்ட்... மூச்சே விட மாட்டேங்குது. மூணு வாரமா, ஒவ்வொரு முடிச்சுக்கும் காத்துட்டு இருந்தேன்.”

போர்டிகோ விளிம்பிலிருந்து ஒரு துளி தெறித்து அவள் நெற்றியில் விழுந்து, இறங்கி, மூக்கு நுனியில் வந்து நின்றது. அவன் பார்த்தான். கை பாதிவரை எழுந்து, தயங்கி, நின்றது.

அவள் ஒரு கையில் குடை. மறு கையில் தாள்.

“ரெண்டு கையும் வேலையா இருக்கு...” என்றாள். “தெரியலையா?”

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.