சர்வேக்காரர் மைக்கைப் பிடித்தபோது

"யோவ்! பூட்ஸைக் கழட்டுய்யா!"

உப்புப் பாத்திக்கு நடுவே சிவப்புக் கொடி நட்டுக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான். வரப்பில் நின்றவள் கலைமதி, உப்பளக்காரர் கன்னியப்பனின் மகள். பத்து நாள் வெறுங்காலால் மிதித்து இறுக்கிய தரை... அதில் பூட்ஸ் தடம்! கோபத்தில் அவள் கண்கள் பளபளத்தன. அவன் கொடியை மறந்தே போனான்.

"சாரிங்க... எரிவாயு சர்வே. பேரு ராஜ்கமல்."

"பேரையா கேட்டேன்? கால எடுங்க!"

கேட்கவில்லைதான். ஆனால் மறந்தாளா? அதுதான் இல்லை. அந்த வாரம் முழுக்க அவனுக்கு அந்தப் பாத்தியோரமே அளவு தப்பி, திரும்பத் திரும்ப அளக்க வேண்டியிருந்தது. அவளுக்கும் அங்கேயே வேலை இருந்தது. மரக்காணம் ஊருக்குக் கண் இல்லையா என்ன?

வினை அவன் கம்பெனி அறிக்கையில் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்காகத் தாலுகா ஆபீஸில் வைத்திருந்ததை அவள் வரி விடாமல் படித்துவிட்டாள்.

"வடக்க கரையோரமா அணு உலை இருக்குது. அடியில கேஸை உறிஞ்சினா தரை இறங்கலாம், அதிரலாம்னு நீங்கதானே சொன்னீங்க? உலையப் பத்தி ஒரு வரி கூட இல்லியே?"

அவன் முகம் வெளுத்தது. "ஆய்வு பண்ணணும்னு எழுதினேங்க. அந்த வரிய மேலிடத்துல அடிச்சிட்டாங்க."

"அடிச்சப்புறம் கையெழுத்து?"

"...நான்தான்."

"நாளைக்குக் கூட்டத்துல மைக்ல கேப்பேன்."

"பதில் சொன்னா என் வேலை போயிடும், கலை."

"கலைமதி! சொல்லலன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

வீறாப்பாய்ச் சொல்லிவிட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்தது யார்? உப்பளத்துக்காரியேதான்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் கூட்டம். கேட்டாள். "எல்லாம் பாதுகாப்பானதும்மா" என்று சிரித்தார் கம்பெனி மேலாளர். அவள் ராஜ்கமலையே பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்... எழுந்தான்... மைக்கை வாங்கினான்.

"உலைக்கு என்ன ஆகும்னு யாரும் ஆய்வு பண்ணல. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நான். தப்பு."

ஆய்வு வந்த பிறகே மறுகூட்டம் என்று, கூட்டம் நடத்திய அரசு அதிகாரி எழுந்துவிட்டார். மேலாளர் அங்கேயே அவனது அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

அந்த நேரம் பார்த்து மழை! மற்ற ஊரில் மழை வந்தால் காதல் வரும். உப்பளத்தில் கெட்ட வார்த்தைதான் வரும். குவித்த உப்பு கரைவதற்குள் தார்ப்பாய் மூட ஊரே ஓடியது. ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில்... பஸ் ஸ்டாண்டுக்கு!

சென்னை பஸ்ஸின் படியில் ஒரு கால் வைத்திருந்தான் ராஜ்கமல்.

"குவியல் கரையுமேங்க! அத விட்டுட்டு இங்க..."

"அப்பா மூடிக்குவாரு. நீங்க எங்க போறீங்க?"

"வேற வேலை தேடி. இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னீங்களே?"

"சொல்லலன்னாதானே? அதான் சொல்லிட்டீங்களே..."

"ஏம்பா, ஏறுறியா இறங்குறியா?" கண்டக்டர் கத்தினார்.

"அவங்க சொல்லட்டும்ண்ணே."

பஸ் முழுக்கக் காதானது. நனைந்த இமைகள் தாழ்ந்தன... எழுந்தன...

"இறங்குங்க. எனக்கு... உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குது."