கடைசி இரவின் கவர்

சனிக்கிழமை காலை ஆறு மணி. ‘நீலாம்பரி’ சொகுசுக் கப்பலைக் காரைக்கால் துறைமுகத்தில் கட்டி முடித்த சற்று நேரத்தில், நான்காம் தளத்தில் ஒரு மூதாட்டி இறந்து கிடப்பது தெரிந்தது. நெரவியைச் சேர்ந்த குஞ்சம்மாள், வயது எழுபத்திரண்டு. எழுப்பப் போன மகன் அன்பழகன் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார். அம்மாவின் கழுத்தில் எப்போதும் கிடக்கும் தங்கச் சங்கிலியையும் காணவில்லை.

ஏழு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் எழில்மதி கப்பலில் ஏறினாள். பின்னால் ஏட்டு ஜவஹர் அலி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

வழி உணவுக்கூடத்தின் நடுவே போனது. திருநள்ளாறு போகவேண்டிய பயணிகள் கரை இறங்க அனுமதி கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளில் இட்லி, பொரித்த முட்டை, கடித்துப் போட்ட தர்பூசணி. எண்ணெயும் பினாயிலும் கலந்த நாற்றம். பேச்சு டிப்ஸ் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாளே கொடுத்தால்தான் பையன்கள் ஒழுங்காகக் கவனிப்பார்கள் என்றார் ஒருவர். கடைசி நாள் ராத்திரி கவரில் போட்டுக் கொடுப்பதுதான் கப்பல் முறை என்று திருத்தினார் அவர் மனைவி. இன்னொருவர் வாயைத் துடைத்துக்கொண்டு தன் யோசனையைச் சொன்னார்.

“கடைசி நாள் காலையில பாத்ரூம்ல பூந்துக்கணும் சார். அவன் தட்டித் தட்டிப் பார்த்துட்டுப் போயிடுவான். யாருக்கும் கொடுக்க வேணாம்.”

மேசையே சிரித்தது. இரண்டு தளம் கீழே பிணம் கிடந்தது.

“மையத்து விழுந்த வீட்டுல வந்து பிரியாணில கறி எத்தனைன்னு பேசுற கூட்டம் மேடம் இது” என்றார் ஜவஹர் அலி.

அறைக் கதவைத் திறந்ததும் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டது போலிருந்தது. ஏசி அதிகபட்சக் குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சம்மாளின் கண்களில் சிவப்புப் புள்ளிகள். உதட்டின் உட்புறம் பல் பட்டுக் கிழிந்திருந்தது. தலையணையால் அமுக்கிக் கொன்றிருக்கிறார்கள் என்றார் டாக்டர். எப்போது என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். இந்தக் குளிரில் உடம்பு விறைப்பதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். நேற்று மதியத்துக்கும் நள்ளிரவுக்கும் இடையில், அவ்வளவுதான்.

எழில்மதி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலருகே முழங்கால் வலித் தைலம், மடித்து வைத்த கம்பளிச் சால்வை. கண்ணாடி முன்னால் சிறிய அம்மன் படம். படத்தின் பக்கத்தில் மஞ்சள் பட்டுத் துணியில் எதையோ சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தாள். பேட்டரியில் எரியும் குத்துவிளக்கு. கப்பலில் நெருப்பு ஏற்றக் கூடாது என்பதால் அந்த அம்மாள் கையோடு கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினாள். எரிந்தது. அணைத்து, இருந்தபடியே சுற்றி வைத்தாள்.

கப்பலின் விடுதி மேலாளர் கைலாசநாதன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மேலிருந்து வந்த சென்ட் வாசனை அறை முழுக்கப் பரவியது. மாலை ஐந்து மணிக்கு அடுத்த கூட்டம் ஏறுகிறது, அதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். குற்றவாளியைத் தாமே பிடித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அறைப் பணியாள் மாறன். இருபத்து நான்கு வயது, திருவேட்டக்குடிக்காரன், மீனவர் வீட்டுப் பிள்ளை. அழுக்குத் துணி போடும் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள்.

“கேமரா?”

“பார்லயும் கேஷ் கவுன்டர்லயும் இருக்கு மேடம். காரிடார்ல போடல.”

“சங்கிலி கெடச்சுதா?”

“ஸ்டாஃப் பெட்டி எல்லாத்தையும் கொட்டிப் பார்த்துட்டோம். இன்னும் கெடைக்கல. அவன்கிட்ட ரெண்டு டிப்ஸ் கவர்தான் இருந்துச்சு.”

“பயணிங்க பெட்டி?”

கைலாசநாதன் கெட்ட வார்த்தையைக் கேட்டவர் போல முகம் சுளித்தார். “கெஸ்ட் பெட்டியையா? எப்படிங்க மேடம்?”

அன்பழகன் பக்கத்து அறையில் இருந்தார். நாற்பத்தைந்து வயது. அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அந்த வகையில் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையில் பதினாறு வயதிலேயே பாரிஸ் பக்கம் போய்ப் படித்து அங்கேயே தங்கிவிட்டார். அம்மா மட்டும் நெரவி வீட்டில். அம்மாவின் மனதைக் குளிர்விக்கத்தான் இந்த ஐந்து நாள் பயணம், சனிக்கிழமை திருநள்ளாற்றில் முடிவதால் அவரும் ஒப்புக்கொண்டார் என்றார். நேற்று நாலு மணிக்கு அம்மாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாராம். ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை மேல்தளத்தில் ஆட்டம் பாட்டம். உடனிருந்த பத்துப் பேர் சாட்சி. இடையில் ஒருமுறைதான் எழுந்து வந்தார்.

“ஒம்பது மணிக்கு. அம்மா சாப்பிட்டாங்களான்னு பார்க்க வந்தேன். காரிடார் முனையில வரும்போதே பார்த்தேன். அம்மா கதவுல நின்னு அந்தப் பையனுக்கு டிப்ஸ் கவர் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவன் உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டே வாங்கினான். சரி, நல்லாத்தான் இருக்காங்கன்னு திரும்பிட்டேன். ரெண்டு நிமிஷம் நின்னிருந்தா...” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கடைசி ராத்திரி கொடுக்கணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

துணியறையில் ஈரத் துண்டுகள் புளித்து நாறின. அந்தக் குவியல் மேல் மாறன் உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று கேட்டதும் வாசல் பக்கம் பார்த்தான். வழக்குப் பதிவானால் அவனுடைய மாலுமிப் புத்தகம் போய்விடும். அப்புறம் எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது. ஆயுளுக்கும் கொலைகாரன்.

ஒன்பது மணிக்குப் படுக்கை விரிக்கப் போனதாகவும், அந்த அம்மாள் தன் கையாலேயே கவரைக் கொடுத்ததாகவும் சொன்னான். அன்பழகன் சொன்னதோடு அச்சாகப் பொருந்தியது. அது தன் கழுத்துக்கே சுருக்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

எழில்மதி இரண்டு கவர்களையும் வாங்கிப் பார்த்தாள். இரண்டும் கப்பலில் கொடுக்கும் கவர்கள்தாம். ஒன்றின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. நோட்டோடு ஒரு ரூபாய் நாணயமும் கிடந்தது. இன்னொன்றில் சலவை நோட்டுகள் மட்டும்.

“மஞ்சள் தடவினது எப்ப கொடுத்தாங்க?”

“வியாழக்கிழமை காலையில மேடம்.”

“வியாழக்கிழமையா? எல்லாரும் கடைசி நாள்தானே கொடுக்குறாங்க?”

“நானும் கேட்டேன். இன்னைக்கே வாங்கிக்க தம்பி, நாளைக்கு முடியாதுன்னாங்க.”

எழில்மதி அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுங்காட்டில் அவள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கணக்குக் கேட்டு வரமாட்டார். வந்து பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

அவள் வெளியே வந்து நெரவிக்கு போன் செய்தாள். குஞ்சம்மாளின் மகள் பூவாயி அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டையும் ஒட்டிய மனையையும் விற்றுப் பங்கு கேட்டு அண்ணன் மூன்று வருடமாக நச்சரித்தார். அம்மா அசையவில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்கிற பூவாயி பெயருக்கே வரும் திங்கட்கிழமை எழுதிவைப்பதாக இருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே சம்மதித்து, அதற்கு முன்னால் அம்மாவை ஒரு சுற்றுலா கூட்டிப்போவதாகச் சொன்னாராம்.

எழில்மதி கடைசியாக ஒன்று கேட்டாள். பூவாயி அழுகையை நிறுத்தினாள்.

“எங்கம்மாவா? அடுத்த வீட்டுப் புள்ளைக்கு ஆஸ்பத்திரி செலவுன்னு வந்து நின்னப்பவே, விடியட்டும்னு உக்கார வச்சவங்க.”

எழில்மதி மறுபடி துணியறைக்குப் போனாள். இந்த முறை மாறன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“தம்பி, ரெண்டாவது கவரை அந்தம்மா உன் கையில கொடுக்கல. பொய் சொன்னா உன்னைக் காப்பாத்த என்னால முடியாது.”

அவன் கடைசியில் உண்மையைச் சொன்னான். தட்டினான், பதில் இல்லை. சாவி போட்டுத் திறந்தான். விளக்கு அணைந்திருந்தது. அந்த அம்மாள் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கதவோரப் பலகை மேல் அவன் பெயர் எழுதிய கவர் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

“அப்புறம் ஏன் கையில கொடுத்தாங்கன்னு சொன்ன?”

“கையில கொடுக்காத காசை ரூம்லேர்ந்து எடுத்தா திருட்டுங்க மேடம். கப்பல் ரூல். காலையில மேனேஜர் அடிச்சு, கையில கொடுத்தாங்களான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.”

பத்தரை மணிக்கு அன்பழகனை உணவுக்கூடத்தை ஒட்டிய சிறிய அறைக்கு வரச் சொன்னாள். கைலாசநாதனும் வந்து நின்றார். ஜவஹர் அலி மட்டும் இல்லை.

“சார், நீங்க பார்த்ததை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எத்தனை தடவை? ஒம்பது மணி. அம்மா கதவுல நின்னு கவர் கொடுத்தாங்க.”

“உங்க கண்ணால பார்த்தீங்க.”

“என் கண்ணால பார்த்தேன்.”

“நேத்து என்ன கிழமை?”

அன்பழகன் புரியாமல் பார்த்தார். “வெள்ளி.”

“இந்தப் பக்கத்துல விளக்கு வச்சப்புறம் காசைக் கையால எடுத்து வெளியாளுக்குக் கொடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமைன்னா கேக்கவே வேணாம், லட்சுமி வெளியே போயிடுவான்னு. உங்கம்மா அதுல ரொம்பக் கறார்னு உங்க தங்கச்சி சொல்றாங்க. கப்பல்ல கடைசி ராத்திரி கொடுக்கணும்னு நீங்க சொன்னீங்க. அந்த ராத்திரி வெள்ளிக்கிழமையா இருந்துச்சு. அதனால வியாழக்கிழமை காலையிலேயே, மஞ்சள் தடவி, மேல ஒத்த ரூபா வச்சு, அந்தப் பையனுக்குக் கொடுத்து முடிச்சுட்டாங்க. அது உங்களுக்குத் தெரியாது.”

“ரெண்டாந்தடவை கொடுத்திருப்பாங்க. வயசானவங்க, மறதி.”

“விளக்கு ஏத்துறதையும் மறந்துட்டாங்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க விளக்கு துணி சுத்தினபடியே கிடக்கு. பொழுது சாயுற நேரத்துல அவங்க உயிரோட இல்ல. காபி கொண்டுபோனது நீங்க. முட்டி வலிக்காரங்க ரூம்ல ஏசியைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சது யாரு? சால்வையைப் போர்த்திக்காம மடிச்சு வச்சுட்டா அவ்வளவு குளிர்ல படுப்பாங்க?”

“இதெல்லாம் மூடநம்பிக்கை. இதை வச்சு ஒரு பிரெஞ்சுக் குடிமகனை...”

“அதை விடுங்க. கவரை அந்தப் பையன் கையில யாரும் கொடுக்கல. இருட்டு ரூம்ல பலகை மேலேர்ந்து எடுத்திருக்கான். பயந்துபோய் கையில வாங்கினேன்னு பொய் சொன்னான். நடக்காத ஒண்ண அவன் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. அதே நடக்காத ஒண்ண நீங்க கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்களே, உங்களுக்கு என்ன காரணம்? அங்க ஒரு கவர் இருக்கு, ஒம்பது மணிக்கு அவன் வந்து எடுப்பான்னு வச்சவருக்குத்தான் தெரியும்.”

அப்போது ஜவஹர் அலி உள்ளே வந்தார். கையில் பாலித்தீன் உறை. உள்ளே ஒரு ஆண் காலுறை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் தங்கச் சங்கிலி.

“இவரு பெட்டிலதான் மேடம். அடியில, அழுக்கு ஜட்டிங்களோட. சுத்தியும் கடலு. தூக்கிப் போட மனசு வரல பாருங்க.”

கைலாசநாதன் சட்டென்று ஓரடி விலகி நின்றார். அன்பழகன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் சொன்னதில் வருத்தம் எதுவும் இல்லை. கணக்குத் தப்பிய எரிச்சல்தான் இருந்தது.

“கடைசி ராத்திரி எல்லாரும்தான் டிப்ஸ் கொடுக்குறாங்க. சந்தேகமே வராதுன்னு நெனச்சேன்.”

எழில்மதி கைவிலங்கை ஜவஹர் அலியையே மாட்டச் சொன்னாள். அந்தக் கையைத் தொட அவளுக்கு மனமில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பயணிகள் இறங்கினார்கள். படி முனையில் மாறன் தன் பையோடு நின்றான். காலையில் அவனைத் திருட்டுப்பயல் என்ற வாய்கள் இப்போது பாவம் தம்பி என்றன. ஒருவர் அவன் சட்டைப் பையில் நோட்டைச் செருகப் பார்த்தார். அவன் கையால் மூடிக்கொண்டான். கைலாசநாதன் வந்து, மாலைக்குள் அந்த அறையைக் கழுவித் தயார் செய்ய வேண்டும், நடந்ததை மறந்துவிடலாம் என்றார். மாறன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். அவனை வீட்டில் விடுவதாகச் சொல்லி எழில்மதி ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள்.

காரைக்காலைத் தாண்டியதும் மாறன் கோட்டுச்சேரி வளைவில் நிறுத்தச் சொல்லி, இறங்கி, வாய்க்கால் ஓரத்தில் வாந்தியெடுத்தான். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் கொப்பளித்துவிட்டு நிமிரவில்லை.

“உள்ள போனப்ப கால் பக்கம் போர்வை விலகி இருந்துச்சு மேடம். அவங்க காலை எடுத்துப் போர்வைக்குள்ள விட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு. ஏசிக் குளிருன்னு நெனச்சு, பாட்டியம்மான்னு கூப்பிட வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தக் கவர் கண்ணுல பட்டுடுச்சு.”

“அப்பவே உயிரு போயிருச்சு தம்பி. நீ கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

“தெரியும் மேடம்” என்றான். “நான் கூப்பிடல, அதான்.”

மறுபடியும் குனிந்தான். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. வெறும் எச்சில்தான் வந்தது.