காயாத துண்டு

அந்தத் துண்டு மட்டும் காயவில்லை.

காலையிலிருந்து கிளெனிஸ் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஸ்ஸினாத் துறைமுகத்தின் ஆகஸ்ட் வெயில் உல்லாசக் கப்பலின் மேல்தளத்துப் பலகைகளைக் கால் வைக்க முடியாதபடி சுட வைத்திருந்தது. நீச்சல் குளத்தைச் சுற்றிக் கிடந்த சாய்வு நாற்காலிகளில் விரித்திருந்த துண்டுகள் எல்லாம் அப்பளம் போல விறைத்து, காற்று வரும்போது ஓரம் படபடத்தன. கைப்பிடிக் கம்பியை ஒட்டி, நிழலும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் கடைசி நாற்காலியில் கிடந்தது மட்டும் அசையவில்லை. அதன் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டிய இடத்தில் பலகை கறுத்திருந்தது.

அப்போது அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. எரிச்சல்தான்.

கப்பலில் முக்கால்வாசிப் பேர் எட்னா மலைக்கும் தாவோர்மினாவுக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். சும்மா போகவில்லை. விடியுமுன் மேலே வந்து, ஆளுக்கொரு நாற்காலியில் துண்டைப் போட்டு, கிளி உருவத்தில் செய்த பிளாஸ்டிக் கிளிப்பால் மாட்டி, அதன் மேல் ஒரு செருப்பையோ பாதி படித்த நாவலையோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாலையில் வந்து ஒரு மணி நேரம் படுப்பதற்காக! ஆளில்லாத நாற்காலியை அரை மணிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது என்று குளத்தோரம் அறிவிப்புப் பலகை இருந்தது. அந்தப் பலகையிலும் யாரோ துண்டைக் காயப் போட்டிருந்தார்கள்.

கிளெனிஸுக்கு உட்காரக் கிடைத்தது மாடிப்படியின் இரும்புப் படி.

கணவன் இட்ரிஸ் சரியாக எழுந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

"துண்டு போட்டியா?" என்று காலையில் கேட்டாள்.

"தூங்கிட்டேன் கிளென்."

"ஒரே ஒரு வேலை சொன்னேன் உனக்கு."

"அங்க படுத்தா என்ன, இங்க படுத்தா என்ன? வா, இங்கயே படு."

"ஜன்னல் இல்லாத இந்தப் பொட்டிக்குள்ளயா? நீயே கிட!"

கீழ்த்தளத்து அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து அதுவும் உறுத்தியது. ஏப்ரலில் அவன் இதய அடைப்புக்குக் குழாய் வைத்தார்கள். அன்றிலிருந்து ஓர் இரவுகூட அவள் முழுதாகத் தூங்கவில்லை. இருட்டில் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே கிடப்பாள். உள்ளே போகும்போது மெல்லிய விசில், வெளியே வரும்போது தொண்டையில் ஒரு தட்டல். அது நின்றால் முதலில் தெரியப்போவது தன் காதுக்குத்தான் என்று எண்ணி எண்ணி, காது களைத்துவிட்டது. இன்று ஒரு பகல், கப்பல் காலியாக நிற்கும் இந்த ஒரு பகல், எதையும் கேட்காமல் கண்ணை மூட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"அந்த ஓரத்து நாற்காலி யாருதுங்க?"

அருகில் படுத்திருந்த மர்லீன் கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். இவர்கள் அறைக்கு எதிர் அறைக்காரி. தோள் இரண்டும் வேகவைத்த நண்டு போலச் சிவந்திருந்தன.

"யாருக்குத் தெரியும் கண்ணு? நேப்பிள்ஸ்ல இருந்தே அந்தத் துண்டு அங்கதான் கிடக்குது. ஆளை ஒருநாளும் பாத்ததில்ல."

"அப்ப எடுத்துடலாமா?"

"எடுத்துத்தான் பாரேன். போன வருஷம் ஒரு ஜெர்மன்காரி துண்டை நான் நகத்தி வெச்சேன். ஊர் வந்து சேர்ற வரைக்கும் சாப்பாட்டு மேசைல என்னை முறைச்சுக்கிட்டே இருந்தா. ஒரு வாய் இறங்கல எனக்கு."

"காலைல இருந்து ஒரு வெறும் துண்டுக்குக் காவல் காக்கறேன், மர்லீன்."

"இதுக்குப் பேர்தான் விடுமுறை. இரு, நான் போய் சிப்ஸ் வரிசைல நிக்கறேன்."

மர்லீனின் செருப்புச் சப்தம் படியிறங்கிப் போனது. நகரத்துக் கடிகாரக் கோபுரத்தில் விசையால் இயங்கும் பொம்மைச் சிங்கம் நடுப்பகலுக்கு உறுமத் தொடங்கியது. அந்தச் சப்தத்தின் மறைவில், திருடப் போகிறவள் போல, கிளெனிஸ் எழுந்து போய்க் கிளிப்புகளைக் கழற்றினாள்.

துண்டு கனத்தது. ஈரத் துணியின் கனம் இல்லை, தூங்கும் குழந்தையைத் தூக்கும் கனம். குளத்து மருந்து வாடையோ உப்பு வாடையோ அதில் இல்லை. நங்கூரத்தோடு மேலே வரும் சேற்றின் வாடை இருந்தது. அந்த வெக்கையில் அத்தனை நேரம் கிடந்தும் உள்ளங்கை மரத்துப்போகும் குளிர். அடியில் நாற்காலியின் பிளாஸ்டிக் பட்டைகள் இடுப்பும் தோளும் அழுத்திய மாதிரி கீழே தொய்ந்திருந்தன. துண்டை எடுத்த பிறகு, ஒருவர் மெதுவாக எழுந்துகொள்வதைப் போல, ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

பழைய நாற்காலி. அவ்வளவுதான்.

துண்டை மடித்துக் கம்பியோரம் தரையில் வைத்து, கிளிப் இரண்டையும் அதன் மேல் வைத்தாள். படுத்தாள். முதுகில் குளிர் ஏறியது. சுகமாகக்கூட இருந்தது. துறைமுகத்துப் படகுகளின் இரைச்சல் தூரம் போனது. ஏப்ரலுக்குப் பிறகு முதல் முறையாக யாருடைய மூச்சையும் கேட்காமல் அவள் தூங்கிப் போனாள்.

விழித்தபோது பலகைகள் கறுத்திருந்தன.

நிழல் என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தாள். ஈரம். கம்பியோரம் வைத்த துண்டு அங்கே இல்லை. கிளிப்புகளும் இல்லை. வைத்த இடத்திலிருந்து ஈரம் ஒரு கோடாக அவளுடைய நாற்காலி வரை வந்திருந்தது. தலைமாட்டில் சிறிது நேரம் நின்றது போல அங்கே குட்டையாகத் தேங்கியிருந்தது. பிறகு படிக்கட்டை நோக்கிப் போயிருந்தது. காலடிகள் இல்லை. இழுத்துக்கொண்டு போன தடம்.

கப்பல் பையன்கள் எடுத்திருப்பார்கள். துவைக்க.

"ஏய், நீ இங்கயா இருக்க?"

மர்லீன், கையில் சிப்ஸ் தட்டோடு.

"இப்பத்தானே உன் ரூமுக்குள்ள போன? நான் தொப்பி எடுக்கக் கீழ போனேன். பின்னாலேயே வந்து கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. என்னடி இவ்வளவு கர்வம்னு நினைச்சேன்."

"நான் போகலையே."

"தலைல துண்டைப் போட்டுக்கிட்டு, சொட்டச் சொட்ட... உன் வீட்டுக்காரர்தானே கதவைத் திறந்து விட்டார்? 'வந்துட்டியா, வா'ன்னு சொன்னாரே."

தட்டிலிருந்து ஒரு சிப்ஸ் விழுந்தது. மர்லீன் குனிந்து எடுப்பதற்குள் கிளெனிஸ் படிக்கட்டில் இருந்தாள்.

லிஃப்ட் வரவில்லை. படியிறங்கினாள். கைப்பிடி ஈரம். அடுத்த தளம், அதற்கும் அடுத்தது. தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை; எல்லோரும் கரையில். நீளமான கம்பளம், இரு பக்கமும் மூடிய கதவுகள், குளிர்பதனத்தின் ஒரே சீரான முனகல். கம்பளத்தின் நடுவே கறுத்த கோடு. அது வேறு எந்தக் கதவிலும் நிற்கவில்லை. அவளுடைய கதவில் நின்றது.

சாவி அட்டையைச் செருகினாள். சிவப்பு விளக்கு. துடைத்துச் செருகினாள். மறுபடியும் சிவப்பு. இந்தக் காலையை யாராவது திருப்பித் தந்தால் போதும். அந்தப் பொட்டிக்குள்ளேயே, அவன் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பாள். மூன்றாவது தடவை, பச்சை.

சேற்று வாடை.

ஜன்னல் இல்லாத இருட்டு. தாழ்வார வெளிச்சம் கட்டிலின் கால்மாடு வரைதான் போனது. இட்ரிஸ் தன் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவளுடைய பக்கத்தில் துண்டு விரித்திருந்தது. நேராக, சுருக்கமில்லாமல். தலையணையோடு சேர்த்து இரண்டு கிளிகள் அதைக் கவ்வியிருந்தன.

துண்டு தட்டையாக இல்லை. தோளுக்கு ஒரு பள்ளம். இடுப்புக்கு ஒரு பள்ளம். தலையணையில் ஆழமாக ஒன்று.

"இட்ரிஸ்."

அவன் கண் திறக்கவில்லை.

"ரூமை அப்புறமா சுத்தம் பண்ணலாம்மா," என்றான், தூக்கத்தில் குழைந்த குரலில். "நாங்க தூங்கறோம்."

"இட்ரிஸ், நான்தான். கிளென்."

"கிளென் இங்க இருக்கா."

அவன் இன்னும் நெருங்கிப் படுத்து, கையைத் தூக்கித் துண்டின் மேல் போட்டான். மெத்தையிலிருந்து நீர் வழிந்து தரையில் சொட்டியது.

கிளெனிஸ் நின்று காதைத் தீட்டினாள். கேட்டாள். வேறு எதுவும் அவளுக்குச் செய்யத் தெரியவில்லை.

விசில். தட்டல். அதனோடு இன்னொன்று. நிதானமான, ஆழமான, ஈரமான மூச்சு.

விசில். தட்டல்.

விசில்.

தட்டல் வரவில்லை.

காத்திருந்தாள். யாரோ தலையைத் திருப்பியது போல, தலையணைப் பள்ளம் மெதுவாக நிமிர்ந்து, அதன் பக்கத்தில், கதவை நோக்கி, புதிதாக ஒரு பள்ளம் அமுங்கியது.

இட்ரிஸின் மார்பு அசையவில்லை. துண்டின் மேல் அவன் போட்ட கை மட்டும், துணிக்கு ஒரு சாண் உயரத்தில், வெறும் காற்றில் சாய்ந்தபடி, அந்த ஈர மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.